எட்டுப் பெட்டியும் ஒரு பாசஞ்சரும்

சீசன் டிக்கெட் வைத்துக்கொள்ளும் ஒரு தோல் உறை. உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், ஓரத்தில் வெள்ளை நூல் தையல். எங்கள் தொழிற்சாலையின் சாம்பிள் அறையில், ஷூவுக்கு வெட்டியதுபோக மிஞ்சிய துண்டில் யாரோ தைத்துக் கொடுத்தது. சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் அக்கா கைப்பையிலிருந்து அதை எடுத்து, சர்வர் அறையில் இருந்த முதுகு பெருத்த பழைய மானிட்டரின் தலைமேல் வைப்பார். ரிப்போர்ட் முடிந்தால் உறை மறுபடி பைக்குள் போகும், அக்கா ஸ்டேஷனுக்குப் போவார். முடியாவிட்டால் உறை அங்கேயே கிடக்கும். தண்டவாளம் எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் போனது. பாசஞ்சர் ஊதிக்கொண்டு புறப்படுவது ஏசி சத்தத்தையும் மீறிக் கேட்கும். அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேருமே உறையைப் பார்க்க மாட்டோம். ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருப்போம்.

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். அக்கா அதன் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவி, நான் அவருக்குக் கீழே இருந்த ஒரே ஆள். அக்கா என்றால் எனக்கு மட்டும் அக்கா இல்லை. அவரைவிடப் பத்து வயது மூத்த கட்டிங் மாஸ்டர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். வீடு காட்பாடியில், ரயில்வே லைனுக்கு இரண்டு தெரு தள்ளி. அவருடைய வீட்டுக்காரர் ஒரு மிஷன் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் பாதி போய்விட்டது. பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ். பகலில் அடிக்கடி எட்டிப் பார்த்து, சாப்பாடு கொடுத்து, மருந்து கொடுத்துக் கவனித்துக்கொள்வார். ஆனால் அவருக்கு நைட் டியூட்டி. ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். சாயங்காலப் பாசஞ்சரைப் பிடித்தால் போய்விடலாம். விட்டால் அடுத்த வண்டி வரும்வரை மாஸ்டர் தனியாகத்தான் கிடக்க வேண்டும். எங்கள் பிரிவில் நடந்த எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த ஒரு கணக்குதான் இருந்தது.

நான் குடியாத்தத்துக்காரன். அப்பாவுக்கு லுங்கி நெய்யும் பவர்லூம். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவன், சத்தமில்லாத வேலை வேண்டும் என்றுதான் கம்ப்யூட்டர் படித்தேன். கிடைத்ததோ, நாள் முழுக்க ஃபேன் இரைந்துகொண்டிருக்கும் ஒரு சர்வர் அறை. அக்காவுக்கு முந்தி என் ஊர் வந்துவிடும் என்பதால் ரயிலில் ஒன்றாகத்தான் போவோம், நான் நடுவில் இறங்கிக்கொள்வேன். வண்டியை விட்டால் எனக்குப் பஸ் இருந்தது. தாமதமாகப் போனால் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான் என் நஷ்டம்.

தினமும் எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது லாட் ரிப்போர்ட். வெளிநாட்டில் எங்கோ ஒரு கடையில் ஒருவர் வாங்கிய ஷூவில் தோல் வெடித்தால், அது எந்த லாட், எந்த டேனரியில் பதனிட்டு வந்தது, எந்த டிரம்மில் உருண்டது, யார் வெட்டியது, எந்த லைனில் தைத்தது என்று நாங்கள் சொல்லியாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு துண்டுத் தோலுக்கும் டேட்டாபேஸில் ஒரு வரி. ஒரு ஷூவுக்கு எத்தனை துண்டு என்று தெரிந்தவர்களுக்கு அந்த டேட்டாபேஸ் எப்படி வீங்கியிருக்கும் என்பது புரியும். பழையதை எடுத்து ஓரம் கட்டவும் முடியாது, எல்லா வருஷமும் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் நிபந்தனை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அன்று மத்தியானம் இரண்டு மணிவரையிலான உற்பத்தியை இந்தக் கடலோடு ஒப்பிட்டு, சந்தேகமான லாட்டைப் பிரித்துக் காட்டும் ரிப்போர்ட் அன்று சாயங்காலமே மெயிலில் போக வேண்டும். அதைப் படித்து, எந்த லாட்டை நிறுத்துவது என்று முடிவு செய்யும் அதிகாரம் அக்காவுக்கு மட்டும். ஒருமுறை அக்கா லீவில் இருந்தபோது தப்பான லாட் கப்பலேறிவிட்டது. அதிலிருந்து முதலாளி, "உங்க கண்ணு படாம ஒண்ணும் போகக்கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார். அது பாராட்டு. பாராட்டை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிற வழி அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பழைய சர்வர் ரிப்போர்ட்டைச் சில நாள் ஐந்தேகாலுக்குள் முடிக்கும், சில நாள் ஆறரை ஆகிவிடும். மாதத்தில் பாதி நாள் வண்டி போய்விடும். அக்கா போனில் நர்ஸிடம் பேசும் குரல் எனக்கு மனப்பாடம். முதலில் மன்னிப்பு கேட்பார், பிறகு மாஸ்டரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "கதவ நல்லா சாத்திக்கினு படுத்துருங்க, எழுந்திருக்காதீங்க, வந்துட்டேன்" என்பார். வந்துட்டேன் என்று சொல்லும்போது அவர் ஆம்பூரில் உட்கார்ந்திருப்பார். புது சர்வர் வேண்டும் என்று ஒரு வருஷம் கேட்டார். கேட்கும்போது வீட்டுக் கதை எதையும் சொல்லவில்லை. ரிப்போர்ட் சீக்கிரம் போகும், வாங்குகிறவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் வாங்கினார்கள். ஒரே சில்லுக்குள் நாலு கோர் வைத்த ப்ராசசர்கள் எங்கள் பக்கம் தலைகாட்டத் தொடங்கிய காலம் அது. அப்படிப்பட்டது இரண்டு, ஆக எட்டு கோர். ஒரே மூளையோடு மூச்சிரைத்துக்கொண்டிருந்த இடத்தில் எட்டு மூளை. முதலாளி ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்து எல்லாப் பிரிவுக்கும் கொடுத்தார். அன்று மத்தியானம் அக்கா ரிப்போர்ட்டை ஓடவிட்டார், ஐந்து மணிக்கு உறையை மானிட்டர்மேல் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் கை கட்டிக்கொண்டு பார்த்தோம். ஐந்தரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. வண்டி போயிற்று. ரிப்போர்ட் ஏழேகாலுக்கு முடிந்தது, பழையதைவிடத் தாமதமாக.

காரணம் கண்டுபிடிக்க மறுநாள் முழுக்க ஆயிற்று. நாங்கள் வைத்திருந்த டேட்டாபேஸ் ஒரு கேள்விக்கு ஒரு கோரைத்தான் கொடுக்கும். எட்டு இருந்தாலும் எண்பது இருந்தாலும் ஒரு பெரிய ரிப்போர்ட்டை ஒரே கோர்தான் முக்கி முனகி இழுக்க வேண்டும். அந்த ஒற்றைக் கோர், தனியாகப் பார்த்தால், பழைய ப்ராசசரைவிட வேகம் கம்மி. திரையில் எட்டுக் கறுப்புப் பெட்டிகள் தெரியும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பச்சைக் கோடு, கோர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்ட. ஒரு பெட்டியில் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற ஏழிலும் தரையில் படுத்திருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். கம்ப்யூட்டர் தெரியாதவர்தான். ஆனால் காலையிலிருந்து மாலைவரை லைன் லைனாக நடந்து, யார் கை சும்மா இருக்கிறது என்று பார்ப்பதே அவர் வேலை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாம்மா இது? ஒருத்தன் வேலை செய்றான், ஏழு பேரு வேடிக்கை பாக்கறானுங்க."

நான் விளக்க வாயெடுத்தேன். அக்கா என்னைக் கையமர்த்தி, "சரி பண்ணிட்றோம் சார்" என்றார். அன்றிலிருந்து முதலாளி ரவுண்ட்ஸ் வரும் வழியில் எங்கள் அறையும் சேர்ந்துகொண்டது. வந்து நிற்பார், எட்டுப் பெட்டியையும் எண்ணுவார், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். எனக்குப் பேஜாராக இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு தறி நின்றால் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுவார். அந்தப் புத்தியேதான் இவருக்கும், ஊர்தான் வேறு.

சர்வர் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்து, எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிறகு நாங்களே மேனுவலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். டேட்டாபேஸ் நிறுவும்போது அது தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மெமரி, ஏதோ மளிகைக் கடைக் கணக்கு வைக்கிற அளவுக்குத்தான் இருந்தது. வாங்கிப் போட்ட மெமரி முக்கால்வாசி சும்மா கிடந்தது. முதலில் அதை ஏற்றினோம். அடிக்கடி தொடுகிற லாட்டெல்லாம் டிஸ்க்குக்குப் போகாமல் மெமரியிலேயே நின்றன, அரைமணி நேரம் மிச்சமாயிற்று. அடுத்து, வரிகளை அடுக்கி வரிசைப்படுத்துவதற்குத் தரும் மெமரி. அதையும் அக்கா தாராளமாக ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஆம்பூருக்கு வந்து சோதித்துப் பார்த்தார். ரிப்போர்ட் பறந்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நான்கு நாளும் வண்டியைப் பிடித்தோம்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா தொழுகைக்கு நீண்ட இடைவேளை. கிளம்புவதற்கு முன்னால் காலை உற்பத்தியை ஏற்றிவிட்டுப் போவது எல்லா சூப்பர்வைசர்களுக்கும் வழக்கம், திரும்பி வந்து ஏற்றினால் மதியக் கணக்கோடு கலந்துவிடும். அதனால் கட்டிங், ஸ்டிட்சிங், லாஸ்டிங், பேக்கிங் என்று எல்லாப் பிரிவும் ஒரே சமயத்தில் பட்டனைத் தட்டும். மேனுவலில் ஒரு வரி இருந்தது, நாங்கள் படித்துமிருந்தோம். வரிசைப்படுத்தும் மெமரி என்பது மொத்தத்துக்கு இல்லை, ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவர் முன்னாலும் நூறு பேர் சாப்பிடும் ஒரு டேக்சா பிரியாணியை இறக்கிவைத்த மாதிரி ஆகிவிட்டது. மெமரி தீர்ந்து, சர்வர் டிஸ்க்கை மெமரியாக எடுத்துக்கொள்ளத் தொடங்கி, எல்லாத் திரையும் உறைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை வெறும் கட்டடத்தில் சோதித்த எங்களுக்கு இது எப்படித் தெரியும். சூப்பர்வைசர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை. லாஸ்டிங் சூப்பர்வைசர் மட்டும், "அக்கா, பாங்கு சொல்லிட்டாங்கக்கா" என்றார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க போங்க தம்பி, நான் எல்லாத்தையும் ஏத்தி வைக்கிறேன், தப்பு என்னுது" என்று சொல்லி, சர்வரை நிறுத்திக் கிளப்பி, எல்லாப் பிரிவின் எண்ணிக்கையையும் தானே உட்கார்ந்து ஏற்றினார். மத்தியானம் சாப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் ஜும்மாவுக்கு யாரையும் தாமதப்படுத்தியதில்லை என்று இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்டார்.

அதன்பிறகு நிதானமாகச் செய்தோம். எல்லோருக்கும் கொஞ்சம் மெமரி, ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஜாஸ்தி. ரிப்போர்ட்டையும் ஒரே கேள்வியாகக் கேட்காமல் லாட் எண்களைப் பங்கு பிரித்துத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனி இணைப்பில் ஓடவிட்டு, கடைசியில் சேர்த்துத் தைத்தோம். ஒரு துண்டுக்கு ஒரு கோர். எட்டாகப் பிரித்தால் டிஸ்க் திணறியது, சூப்பர்வைசர்களின் திரையும் இழுத்தது. ஐந்தில் எல்லாம் சுகமாக இருந்தது. ஐந்து கோர் ரிப்போர்ட்டுக்கு, மூன்று மற்றவர்களுக்கு. மூன்றரை மணிக்கு ரிப்போர்ட் கையில். அக்கா அதை ஆற அமரப் படித்து, டீ குடித்து, மெயில் அனுப்பிவிட்டு உறையைப் பைக்குள் போட்டார். என் வேலை வாழ்க்கையில் அதைவிட நல்ல வாரங்கள் வந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரங்களில் ரயிலில் எங்களோடு ஸ்டிட்சிங் லைன் பெண்கள் வருவார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், மேலே இருப்பவர்களைத் தவிர. மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட். அதற்குமேல் தைத்துவிட்டால் காட்ட மாட்டார்கள். நாலைந்து ஜோடியை மெஷினுக்குக் கீழே அட்டைப்பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். யாருக்காவது தலைவலியோ வயிற்றுவலியோ வந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுத்துச் சமாளிப்பார்கள். காட்டினால் மறுநாள் அதுவே டார்கெட். "முடிச்சாலும் முடிச்சேன்னு காட்டக்கூடாதுக்கா" என்று ஒரு பெண் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள். அக்கா சிரித்தார். தான் மூன்றரைக்கே மெயில் அனுப்புவதை அவளிடம் சொல்லவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. மூன்றரைக்கே ரிப்போர்ட் வருவது அவருக்கு அதிசயமாக இருந்தது. வருகிற ஆட்களிடமெல்லாம் சொன்னார். பிறகு ஒருநாள், "சீக்கிரம் முடியுதுல்லம்மா, அந்த இன்னொரு பார்ட்டியும் கேக்கறான், அதையும் சேர்த்துக்குங்க" என்றார். சேர்த்தோம். நாலரை ஆயிற்று. பிறகு டேனரி வாரியாக ஒன்று. பிறகு, யாரும் படிக்காத ஒன்று. பெட்டிகளில் கோடு உயர உயர அவர் முகம் மலர்ந்தது, அக்காவின் முகம் சுருங்கியது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி ஆறரை. மறுபடி உறை மானிட்டர் தலையில் கிடந்தது. மறுபடி அந்த போன். எட்டு மடங்கு சர்வரை வாங்கி, அதை எழுத்து எழுத்தாகச் சீர்செய்து, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தோம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு அசந்துபோகிறது.

அப்படி ஒரு சாயங்காலம்தான் மாஸ்டர் விழுந்தார். அவர் படுத்திருந்த அறைக்குப் பாசஞ்சர் காட்பாடிக்குள் நுழையும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து, இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை எடுத்து வைப்பதை ஒரு வேலையாக வைத்திருந்தார். அவரால் செய்ய முடிந்த ஒரே வேலை அது. அன்று நர்ஸ் முன்னதாகவே கிளம்பிவிட்டதால் அக்காவின் போனும் மாஸ்டருக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி வந்தது. தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். அக்கா வரவில்லை. வாசல்படிவரை பார்க்கப் போயிருக்கிறார். அடுத்த வண்டியில் அக்கா போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது, மாஸ்டர் படியில் கிடந்தார். நெற்றியில் மூன்று தையல். இடுப்பு தப்பியது. மறுநாள் மத்தியானம்தான் அக்கா வேலைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் மாஸ்டர் சொன்னதை மட்டும் எனக்குச் சொன்னார். "'வண்டி வந்துச்சி, வண்டி வந்துச்சி'ன்னு அதையே சொல்றாரு தம்பி. கோவமா சொன்னாக்கூடப் பரவால்ல. ஏதோ அவரு சரியா கேக்கலியோன்னு சந்தேகத்துல சொல்றாரு."

அன்று அக்கா ஒரு வேலையும் செய்யவில்லை. மறுநாள் காலை சீக்கிரமே வந்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மூன்று நாள் உட்கார்ந்து எல்லா ரிப்போர்ட்டையும் மறுபடி பிரித்து மேய்ந்தோம். நாலு ரிப்போர்ட்டும் ஒரே வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தன. ஒருமுறை படித்து நாலுக்கும் பகிர்ந்து கொடுத்தோம். பழைய வருஷங்களைத் தனித்தனித் துண்டாக வைத்து, வேண்டாததைத் தொடாமல் பார்த்துக்கொண்டோம். எல்லாம் முடிந்து ஓடவிட்டால் மூன்று மணிக்கு அத்தனையும் தயார். நான் சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன், முதலாளியிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று.

"உக்காரு" என்றார் அக்கா. "எங்க ஓட்ற? அஞ்சேகாலுக்குத்தான் முடியும் இது."

"முடிஞ்சிடுச்சிக்கா."

"உனக்கும் எனக்கும் முடிஞ்சிடுச்சி."

அப்படித்தான் ஆரம்பித்தது. ரிப்போர்ட் மூன்று மணிக்கு முடியும், அக்கா படித்துப் பார்த்து வைத்துக்கொள்வார், ஐந்தேகாலுக்கு மெயில் போகும். ஆனால் பெட்டிகள் என்று ஒன்று இருக்கிறதே. மூன்று மணிக்கே எட்டுக் கோடும் தரையில் படுத்துவிட்டால் ரவுண்ட்ஸ் வருகிறவர் சும்மா விடுவாரா. அதற்கும் அக்கா ஒரு சின்ன நிரல் எழுதினார். எதையும் படிக்காது, எதையும் எழுதாது, ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போகும், அவ்வளவுதான். எட்டுக் கோரிலும் ஒவ்வொன்று. வேறு எந்த நிஜ வேலை வந்தாலும் ஒதுங்கி வழிவிடும்படி, கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார், ஒரு சூப்பர்வைசருக்கும் ஒரு நொடிகூடத் தாமதம் ஆகாது. அதற்கு வெரிஃபிகேஷன் என்று பெயர் வைத்தார். மூன்று மணிக்குக் கிளம்பி ஐந்தேகாலுக்கு நின்றுவிடும். முதல் நாள் முதலாளி வந்து பார்த்தார். எட்டுப் பெட்டியிலும் பச்சைக் கோடு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இது இன்னா ஓடுது?"

"வெரிஃபிகேஷன் சார்."

"எட்டு பேரும் செய்றானா?"

"எட்டு பேரும் சார்."

"இப்பதாம்மா நல்லா இருக்குது" என்றார். அதன்பிறகு புது ரிப்போர்ட் எதுவும் கேட்கவில்லை. இடமில்லை என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டாரே. அக்காவுக்கு மனசு உறுத்தாமல் இல்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. ஒருநாள் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, "ஆண்டவரு அந்தப் பெட்டிய பாக்கறாரோ இல்லியோ தம்பி, முதலாளி பாக்கறாரு. அதுக்கு நான் இன்னா பண்றது" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. எனக்கு இதில் பாவம் எதுவும் தெரியவில்லை. எங்கள் சர்வர் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடிக் கணக்கில் எண்ணியதால்தான் தினமும் சாயங்காலம் காட்பாடியில் ஒருவர் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு நின்றார், கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா போனார். அந்த இயந்திரம் செய்த வேலைகளிலேயே உருப்படியான வேலை அது என்று இன்றைக்கும் சொல்வேன். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அது எண்ணியது. அந்தக் காலத்தில் அக்கா வண்டியை விட்டதாக எனக்கு நினைவில்லை.

மாஸ்டர் ஒரு கோடையில் போய்ச் சேர்ந்தார். தூக்கத்தில், அக்கா பக்கத்தில் இருக்கும்போது. கம்பெனியிலிருந்து ஒரு வேனில் போனோம், முதலாளியும் வந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றார். பதினாறோ இருபதோ நாள் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். மூன்று மணிக்கு ரிப்போர்ட் முடிந்தது, பெட்டிகளில் பச்சை ஏறியது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கீபோர்டை இழுத்து வெரிஃபிகேஷனை நிறுத்தினார். எட்டுக் கோடும் ஒன்றாக விழுந்தன. ரிப்போர்ட்டை அப்போதே மெயிலில் அனுப்பினார். நாலு மணிக்கு முதலாளி வந்தார். பெட்டிகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இன்னாம்மா, எல்லாரும் தூங்கறானுங்க?"

"வேலை முடிஞ்சிடுச்சி சார்."

புது ரிப்போர்ட் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "முடிஞ்சா கிளம்புங்கம்மா. எந்த வண்டி கிடைக்குதோ அதுல போங்க. இனிமே ரிப்போர்ட்ட யாராச்சும் பாத்துக்கட்டும்" என்றார். நிஜமான பரிவோடுதான் சொன்னார். இத்தனை வருஷமாக எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

"இனிமே எந்த வண்டியா இருந்தா இன்னா சார்" என்றார் அக்கா.

ஐந்து மணிக்கு, பழக்கதோஷத்தில், உறையை எடுத்து மானிட்டர்மேல் வைத்தார். பாசஞ்சர் ஊதியது. அன்று முதல்முறையாக நாங்கள் இரண்டு பேரும் உறையைப் பார்த்தோம். "நீ போ தம்பி, வீட்ல காத்துனு இருப்பாங்க" என்றார். நான் போகவில்லை. இரண்டு பேரும் படுத்துக் கிடக்கும் எட்டுக் கோட்டைப் பார்த்தபடி அடுத்த வண்டிவரை உட்கார்ந்திருந்தோம். சில மாதங்களில் அக்கா வேலையை விட்டுவிட்டு அரக்கோணத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாள் உறையை எடுக்காமல் போனார். மறந்துவிட்டாரா, விட்டுவிட்டாரா என்று தெரியாது. பழைய மானிட்டர்களைக் கழித்துக் கட்டும்போது நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இப்போது என் வேலை ஒரு சென்னை கம்பெனிக்கு, வீட்டிலிருந்தபடியே. கண்ணால் பார்த்திராத ஏதோ ஊரில் இருக்கும் இயந்திரங்கள், கேட்ட அளவுக்குக் கோர். எட்டுப் பெட்டி என்பதெல்லாம் இப்போது விளையாட்டுச் சாமான். மானிட்டர்களும் தகடாகிவிட்டன, தலையில் எதையும் வைக்க முடியாது, உறை கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நானும் பக்கம் மாறிவிட்டேன். எது சும்மா இருக்கிறது, எது வீணாக ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலைக்கு என்னையே உட்காரவைத்திருக்கிறார்கள். முதலாளி ரவுண்ட்ஸ் வந்த மாதிரி நான் இப்போது திரையில் ரவுண்ட்ஸ் போகிறேன்.

போன வாரம் மேலிடத்திலிருந்து ஒரு மெயில். என் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணின் பெயரில் தினமும் சாயங்காலம் ஒரு வேலை ஓடுகிறது, எதற்கு என்று விசாரித்துச் சொல்லவும். திறந்து பார்த்தேன். எதையும் படிக்கவில்லை, எதையும் எழுதவில்லை. எண்ணிக்கொண்டிருந்தது. வேறு வேலை வந்தால் ஒதுங்கிக்கொள்ளும்படியும் எழுதியிருந்தாள், நல்ல பிள்ளை. பெயர், வேலிடேஷன். அந்தப் பெண்ணை நான் நேரில் பார்த்ததில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. உறையைக் கையில் எடுத்து, தையலை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, அது தேவையான வேலை, நிறுத்த வேண்டாம் என்று மேலிடத்துக்குப் பதில் எழுதி அனுப்பினேன். எந்த வண்டி என்று அவளிடம் கேட்கவில்லை.